மூன்று மில்லிமீட்டர்

மின்சாரம் நாலு மணிக்குப் போகும்.
அதற்குள் பழநிவேலு வீட்டுக் கல்யாணப் பத்திரிகை
அச்சுக்கு இறங்கியாக வேண்டும்.

ரங்கூன், முப்பத்தாறாம் தெரு, இரண்டாம் மாடி.
கீழே ஜெனரேட்டர்கள் இப்போதே இருமிப் பழகுகின்றன.
என் திரையில் ஏ-ஐந்து தாள் நிமிர்ந்து நிற்கிறது.
உள்ளே ஊதாக் கோடு, மார்ஜின்:
எழுத்து அதைத் தாண்டக் கூடாது.
கறுப்புக் கோடு, வெட்டு.
அதற்கும் வெளியே சிவப்பாய் ஒன்று, ப்ளீட்.

"காசு கொடுத்த காகிதம்.
ஏம்மா சுத்தி இவ்வளவு வெள்ளை?"

கட்டைவிரல் வைக்க இடம் வேண்டாமா அண்ணே,
எழுத்தின் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டா வாசிக்க முடியும்?
அவர் தன் கட்டைவிரலைப் பார்க்கிறார்.
மீன்பெட்டி தூக்கிப் பிளந்த நகம்.

"சரி. அந்த மஞ்சள் மட்டும் தாளை விட்டு வெளியே போகுதே?"

கத்தி மனுஷன் கையில் இருக்கு அண்ணே.
இந்தப் பக்கம் ஒரு மில்லி, அந்தப் பக்கம் ஒரு மில்லி நழுவும்.
ஓரத்தோடு நிறத்தை நிறுத்தினா
நகக்கீறல் மாதிரி வெள்ளை தெரியும்.
அதனால மூணு மில்லி கூடுதலா அடிப்போம்,
வெட்டிப் போடுவோம்னு தெரிஞ்சே.

"தெரிஞ்சே."
"ஆமா."
"அச்சில் இருக்கும்."
"இருக்கும்."
"ஆனா யார் கைக்கும் வராது."
"வராது."

லப்பையே ஆடை கட்டிக்கொண்டிருந்தது.
பழைய ஃபாண்ட். மணமகள் தேன்மொழியின் கொம்பு கழன்று
தகரத்துக்குப் பின்னால் போய் நின்றது;
இழுத்து வந்து முன்னால் நிறுத்தினேன்.
கீழே பர்மிய எழுத்தில் அவளுக்கு நிலார் என்று பெயர்.
அதற்குக் கீழே, நல்வரவை நாடுகிறவர்கள்:
பெரியப்பா, இரண்டு சித்தப்பா, தாய்மாமன்.
மணமகளின் தம்பி வர வேண்டிய வரியில்
பழநிவேலுவின் விரல் நின்றுவிட்டது.

இருபத்து மூன்று வயது.
வார்டு ஆபீஸ் குலுக்கலில் சீட்டு விழுந்த ராத்திரி
மியாவடி லாரியில்
வெங்காய மூட்டைகளுக்கு நடுவே போனவன்.
பெயரைப் போட்டால்
பத்திரிகை யார் யார் கைக்கோ போகும்.
போடாவிட்டால்,
அவன் அம்மா மூன்று நாளாய்ச் சாப்பிடவில்லை.

அவர் வாய் திறந்து கேட்கவில்லை.
நான் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் இழுத்தேன்.
ஆறு பாயிண்ட்.
அடியோரத்தில், கறுப்புக் கோட்டுக்கு வெளியே,
சிவப்புக் கோட்டுக்கு உள்ளே:
அர்ச்சுனன்.

எழுத்து பக்கத்துக்கு வெளியே இருக்கிறது
என்று எச்சரித்தது மென்பொருள்.
தெரியும் என்று சொல்ல அதில் பட்டன் இல்லை.
சரி என்பதை அழுத்தினேன்.
க்ராப் மார்க், டிக்.
ப்ளீட், மேலே மூன்று, கீழே மூன்று, இடம், வலம்.
மூன்று ஐம்பத்தெட்டுக்கு ஃபைல் கீழே இறங்கியது.
நாலுக்குத் திரை கறுத்தது.

மறுநாள் வெட்டு. கோ ஜோ லினுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது,
மஞ்சளும் குறிக்கோடும் தெரிந்தால் அவருக்குப் போதும்.
முந்நூறு தாள், நூறு நூறாய் மூன்று கட்டு.
கத்தி இறங்கும்போதெல்லாம்
முக்கால் சாண் நீளக் கீற்றுகள் தரையில் சரிந்தன.
பழநிவேலு குனிந்து குனிந்து பொறுக்கி
லுங்கி மடிப்பில் சொருகிக்கொண்டார்.
குப்பைக்காரன் கையில் போகக் கூடாதே என்றா,
வேறெதற்கா, நான் கேட்கவில்லை.

மூன்றாவது கட்டு அரை மில்லி நழுவிவிட்டது.
கோ ஜோ லின் நாக்கைக் கடித்தார்.
மஞ்சளின் அடிவிளிம்பில், தூசி போல,
மூன்று புள்ளி.
இரண்டு பக்கத்தில் பக்கத்தில்,
ஒன்று தள்ளி.

மறுபடி ஒருமுறை வெட்டட்டுமா என்றார் பர்மிய மொழியில்.
பழநிவேலு ஒரு பத்திரிகையைக் கண்ணுக்கருகே தூக்கி
ரகரத்தின் புள்ளியை, சகரத்தின் புள்ளியை,
கடைசி னகரத்தின் புள்ளியை
பிளந்த நகத்தால் தடவிப் பார்த்தார்.

"வேண்டாம்.
இந்த நூறைத் தனியாக் கட்டுங்க."